பல கணினிகளுக்கு ஒரே நினைவகம்: எந்தக் கன்சிஸ்டன்சி மாடலை எடுப்பது?

நெட்வொர்க்கில் இணைந்த பல கணினிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம். ஆனால் புரோகிராம் எழுதுபவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே முகவரிப் பரப்பாகத் தெரிய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டட் ஷேர்டு மெமரி செய்யும் வேலை இதுதான். இதைக் கட்ட இறங்குகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு நோடு (இணைந்த கணினிகளில் ஒன்று) எழுதியதை மற்ற நோடுகள் எப்போது பார்த்தே தீர வேண்டும்? இதற்கான விதிதான் கன்சிஸ்டன்சி மாடல். "உடனே" என்று சொன்னால் எழுதும்போதெல்லாம் செய்திகள் பறக்க வேண்டும். "கேட்கும்போது போதும்" என்றால் செய்திகள் குறையும். ஆனால் எப்போது கேட்பது என்பது புரோகிராமின் பொறுப்பாகிவிடும்.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. எல்லாச் செயல்களும் ஒரே வரிசையில் நடந்ததுபோல் தெரியும் சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி வேண்டுமென்றால், ஒரு முறை படிக்க ஆகும் நேரத்தையும் ஒரு முறை எழுத ஆகும் நேரத்தையும் கூட்டினால் வருவது, ஒரு செய்தி நெட்வொர்க்கைக் கடக்கும் நேரத்தைவிடக் குறையவே முடியாது. 1988-இல் லிப்டனும் சாண்ட்பர்க்கும் நிரூபித்தது இது. படிப்பதை வேகமாக்கினால் எழுதுவது மெதுவாகும். எழுதுவதை வேகமாக்கினால் படிப்பது மெதுவாகும். எத்தனை கெட்டிக்காரர் கோடு எழுதினாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளில், பேஜ் (நினைவகத்தின் நிலையான அளவுத் துண்டு) அளவில் பகிர்நினைவகம் கட்டுவதாக இருந்தால், லாக் கைமாறும்போது மட்டும் மாற்றங்களைத் தெரிவிக்கும் லேஸி ரிலீஸ் கன்சிஸ்டன்சியை எடுக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு பேஜுக்கும் ஒரு ஹோம் நோடு (அந்தப் பேஜின் நிரந்தர இருப்பிடம்) வைக்கும் வகையை. "வேகத்துக்காகச் சரித்தன்மையை விட்டுக்கொடுக்கிறோமே" என்ற தயக்கத்துக்கு இன்று பெரிய அடிப்படை இல்லை என்பது என் நம்பிக்கை. ஏன் என்பதையும், எங்கே இந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

ஒரு சின்ன உதாரணம் கையில் இருக்கட்டும். "தரவு", "கொடி" என்று இரண்டு மாறிகள், இரண்டும் முதலில் 0. முதல் நோடு தரவில் 42 எழுதுகிறது, பிறகு கொடியில் 1 எழுதுகிறது. இரண்டாவது நோடு, கொடி 1 ஆகும்வரை லூப்பில் சுற்றிக் காத்திருந்து, பிறகு தரவைப் படிக்கிறது. நடுவில் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எதுவும் இல்லை. இந்த நாலு வரியை வைத்தே மாடல்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி

லாம்போர்ட் 1979-இல் கொடுத்த வரையறை: எல்லா புராசஸர்களின் செயல்களும் ஏதோ ஒரே வரிசையில் நடந்ததுபோல் விளைவு இருக்க வேண்டும், அந்த வரிசையில் ஒவ்வொரு புராசஸரின் செயல்களும் அதன் புரோகிராமில் உள்ள முறையிலேயே வர வேண்டும். நம் உதாரணத்தில் இரண்டாவது நோடு லூப்பை விட்டு வெளியே வந்தால், கண்டிப்பாக 42-ஐத்தான் படிக்கும். புரோகிராமரின் மனதில் இருப்பதும் இதுதான்.

யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ 1986-இல் முடித்த ஆய்வில் உருவான ஐவி என்ற அமைப்பு இந்த வாக்குறுதியை அப்பல்லோ கணினிகளின் மேல் செய்து காட்டியது. முறை எளிது. ஒரு பேஜைப் பலர் படிக்கலாம். எழுதுவது ஒருவர் மட்டும். எழுத வருபவர் மற்ற எல்லாப் பிரதிகளையும் செல்லாதவை ஆக்கிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சிக்கல் பேஜின் அளவில் இருக்கிறது. 4 கிலோபைட் பேஜ் ஒன்றில் 8 பைட் கவுன்ட்டர்கள் 512 அடங்கும். முதல் நோடு முதல் கவுன்ட்டரை மட்டும் கூட்டுகிறது, இரண்டாவது நோடு கடைசிக் கவுன்ட்டரை மட்டும் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையே பகிர்வே இல்லை. ஆனாலும் முதல் நோடு எழுத வரும்போது பேஜ் அங்கே போகும். இரண்டாவது நோடு எழுத வந்தால் ஃபால்ட் (பேஜ் கைவசம் இல்லை என்ற குறுக்கீடு), எந்தப் பேஜ் யாரிடம் என்று கணக்கு வைக்கும் மேனேஜருக்கு ஒரு கோரிக்கை, அங்கே பிரதியைச் செல்லாததாக்கல், 4096 பைட்டும் நெட்வொர்க்கில் இங்கே. அடுத்த நொடியே மறுபடி அங்கே. அந்தக் காலத்து 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஒரு பேஜ் கம்பியைக் கடக்கவே 3 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒரு கூட்டலுக்கு அவ்வளவு விலை. இன்றைய 100 கிகாபிட் இணைப்பில் அதே பேஜ் கம்பியைக் கடப்பது ஒரு மைக்ரோநொடியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஃபால்ட்டைப் பிடிப்பது, கோரிக்கை போய் வருவது எல்லாம் சேர்ந்து பல மைக்ரோநொடிகளைத் தின்றுவிடும். சொந்த நினைவகத்தைத் தொட 0.1 மைக்ரோநொடி அளவுதான் ஆகும். இடைவெளி சுருங்கியிருக்கிறதே தவிர, மூடவில்லை.

சரி, மெதுவாக இருந்தாலும் பாதுகாப்பானதாயிற்றே என்று கேட்கலாம். பலரும் இந்த மாடலைத் தேர்ந்தெடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அந்தப் பாதுகாப்பு வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளே இல்லை. நம் உதாரணத்தை சி மொழியிலோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ சாதாரண மாறிகளோடு எழுதினால், கொடியைப் படிப்பதை லூப்புக்கு வெளியே தூக்கிப் போட கம்பைலருக்கு உரிமை உண்டு. லூப்புக்குள் கொடியை யாரும் மாற்றவில்லை என்பதுதான் அதற்குத் தெரியும். ஒருமுறை ரெஜிஸ்டரில் எடுத்து வைத்துக்கொண்டு காலமெல்லாம் சுற்றும். கீழே இருக்கும் நினைவகம் எவ்வளவு கறாராக வாக்கைக் காப்பாற்றினாலும் பயனில்லை. 2011-இன் தரநிலைகளிலிருந்து இந்த இரண்டு மொழிகளிலும் டேட்டா ரேஸ் (ஒழுங்குபடுத்தாமல் இருவர் ஒரே மாறியை ஒரே நேரத்தில் தொடுவது, அதில் ஒருவராவது எழுதுவது) இருக்கும் புரோகிராமின் நடத்தைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

புராசஸர் மட்டத்திலும் இதே கதைதான். இன்று பரவலாக இருக்கும் எக்ஸ்86 புராசஸரில் எழுதியது முதலில் ஸ்டோர் பஃபரில் காத்திருக்கும். முதலில் 0 இருக்கும் இரண்டு மாறிகளில் இரண்டு கோர்கள் ஆளுக்கொன்றில் 1 எழுதிவிட்டு, எதிராளியின் மாறியைப் படித்தால், இருவருக்குமே 0 கிடைக்கலாம். லாம்போர்ட்டின் வரையறையில் இது நடக்கவே கூடாது. அதாவது, ஒரே மதர்போர்டுக்குள்ளேயே கிடைக்காத ஒன்றை நெட்வொர்க்குக்கு மேலே விலை கொடுத்து வாங்க முயல்கிறோம்.

லாக், பேரியர் (எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருக்கும் இடம்), அட்டாமிக் மாறி (பிரிக்க முடியாத ஒரே செயலாகப் படித்து எழுதப்படும் மாறி) என்று ஏதாவது ஒன்றை வைத்து ரேஸ் இல்லாமல் எழுத வேண்டிய கடமை நமக்கு எப்படியும் இருக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றியவருக்கு அடுத்த மாடல் கிட்டத்தட்ட இலவசம்.

ரிலீஸ் கன்சிஸ்டன்சி: லாக்கை நம்பி வேலை செய்வது

1990-இல் ஸ்டான்ஃபோர்டின் டேஷ் என்ற மல்டிபுராசஸருக்காகக் கராசோர்லூவும் உடன் வேலை செய்தவர்களும் முன்வைத்த மாடல் இது. லாக்கை எடுப்பது அக்வயர், விடுவது ரிலீஸ். ரிலீஸுக்கு முன் ஒரு நோடு எழுதியவை எல்லாம், அதே லாக்கை அடுத்து எடுக்கும் நோடுக்குத் தெரிந்தாக வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் யாருக்கு என்ன தெரிகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரேஸ் இல்லாத புரோகிராம் இடைப்பட்ட நிலையை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே அதற்கு உலகம் சீக்வென்ஷியலாகவே தெரியும். அதே 1990-இல் சரிதா அட்வேயும் மார்க் ஹில்லும் இந்த உடன்படிக்கையைத் தெளிவான வடிவில் எழுதி வைத்தார்கள். சி பிளஸ் பிளஸ்ஸின் இன்றைய மெமரி மாடலுக்கும் அடிப்படை இதுதான்.

மென்பொருளில் இதைச் சாத்தியமாக்கியதில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் மியூனின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அது 1991-இல் வெளிவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே பேஜில் பலர் ஒரே நேரத்தில் எழுத வழிசெய்த உத்தி. பேஜ் முதலில் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். முதல் முறை எழுதும்போது ஃபால்ட் வரும். உடனே அந்தப் பேஜின் நகல் ஒன்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பேஜைத் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் சொந்த நினைவக வேகத்தில் நடக்கும். லாக்கை விடும் நேரத்தில் நகலையும் இப்போதைய பேஜையும் சில பைட்டுகள் கொண்ட துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் டிஃப்பாக (வேறுபாட்டுப் பட்டியலாக) பொறுக்கி அனுப்புவார்கள். 512 கவுன்ட்டர் உதாரணத்தில் இரண்டு நோடும் தத்தம் கவுன்ட்டரைத் தடையே இல்லாமல் கூட்டிக்கொண்டே போகலாம். கடைசியில் போவது 4096 பைட் அல்ல. மாறிய 8 பைட்டும் அதன் இடக்குறிப்பும்தான்.

மியூனினின் குறை அதன் ஆர்வம். ரிலீஸ் நடந்ததும், பிரதி வைத்திருக்கும் எல்லாருக்கும் மாற்றங்களைத் தள்ளிவிடும். அந்தப் பேஜை இனித் தொடவே போகாத நோடுக்கும் செய்தி போகும்.

இதைத் திருத்தியதுதான் லேஸி வகை. 1992-இல் கெலெஹர், காக்ஸ், ஸ்வேனெபோல் மூவரும் எழுதியது. பிறகு டிரெட்மார்க்ஸ் என்ற அமைப்பாக வந்தது. சாதாரண யூனிக்ஸ் மேல், கெர்னலைத் தொடாமல் ஓடியது. லாக் ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குக் கைமாறும் தருணத்தைக் கிட்டத்தில் பார்த்தால் இதன் அழகு புரியும். லாக்கைக் கேட்கும் நோடு, "மற்றவர்களின் வேலையில் எதுவரை எனக்குத் தெரியும்" என்பதை வெக்டர் டைம்ஸ்டாம்ப்பாக (நோடுக்கு ஒரு எண் கொண்ட பட்டியலாக) கோரிக்கையோடு அனுப்பும். லாக்கைக் கொடுக்கும் நோடு, அதற்குத் தெரியாத காலத்தில் மாறிய பேஜ்களின் எண்களை மட்டும் பதிலோடு சேர்த்து அனுப்பும். உள்ளடக்கம் போகாது, எண்கள் மட்டுமே. வாங்கிய நோடு அந்தப் பேஜ்களைச் செல்லாதவை என்று குறித்துக்கொண்டு வேலையைத் தொடரும். உண்மையில் ஒரு பேஜைத் தொடும்போதுதான் ஃபால்ட் வந்து, டிஃப்புகள் கேட்கப்படும். தொடாவிட்டால் செலவே இல்லை.

இங்கே நம் கொடி உதாரணத்தை ஓட்டிப் பாருங்கள். லாக் எதுவும் இல்லை, ஆகவே அக்வயர் இல்லை. கொடி மாறியது என்ற செய்தியே இரண்டாவது நோடுக்கு வராது. அதன் பிரதி செல்லுபடியாகவே இருக்கும். லூப் முடிவே இல்லாமல் சுற்றும். பழைய கோடை இந்த மாடலுக்குக் கொண்டுவருபவர்கள் அடிக்கடி மோதும் சுவர் இது. ஆனால் தவறு அந்தக் கோடில் முன்பே இருந்தது, இப்போதுதான் வெளியே தெரிகிறது.

ஹோம் இல்லாமலா, ஹோமுடனா?

டிரெட்மார்க்ஸில் டிஃப்புகளை எழுதியவரே வைத்திருக்க வேண்டும், எல்லாருக்கும் போய்ச் சேரும்வரை. நினைவகம் வீங்கும்; அவ்வப்போது எல்லா நோடுகளும் கூடி குப்பை அள்ள வேண்டும். ஒரு பேஜில் ஆறு பேர் எழுதியிருந்தால், ஒரு ஃபால்ட்டுக்கு ஆறு பேரிடம் கேட்டு, வந்த டிஃப்புகளை முறைப்படி ஒட்டவேண்டி வரும்.

1996-இல் ஷோ, இஃப்டோடே, லீ ஆகியோர் முன்வைத்த ஹோம் முறையில் ஒவ்வொரு பேஜுக்கும் ஒரு நிரந்தர இருப்பிடம். ரிலீஸின்போது டிஃப்பை அந்த ஹோமுக்கு அனுப்பிவிட்டு உடனே தூக்கிப் போட்டுவிடலாம். ஃபால்ட் வந்தால் ஹோமிடம் ஒரே ஒரு கோரிக்கை, முழுப் பேஜும் வந்துவிடும். பைட்டுகள் அதிகம், செய்திகள் குறைவு. பைட்டின் விலை இத்தனை விழுந்து, ஒரு சுற்றுப் பயணத்தின் விலை அந்த அளவுக்கு விழாத இன்றைய நெட்வொர்க்கில் இது நமக்கு நல்ல பேரம். ஆர்டிஎம்ஏ (வேறொரு கணினியின் நினைவகத்தை நெட்வொர்க் வழியே நேரடியாகத் தொடும்) வசதி இருந்தால் இன்னும் நல்லது: ஹோம் நோடின் சிபியூவைத் தொந்தரவு செய்யாமலே பேஜை நேரடியாக எடுத்து வரலாம். ஹோம் இல்லாத முறையில், பல நோடுகளில் சிதறிக் கிடக்கும் டிஃப்புகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு.

ஒரே நிபந்தனை, ஹோமைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். அதிகமாக எழுதுபவரே ஹோமாக இருந்தால், அவர் எழுதுவதற்கு டிஃப்பே தேவையில்லை, அங்கேயே எழுதிவிடலாம். தவறான நோடில் வைத்தால், ஒவ்வொரு ரிலீஸுக்கும் டிஃப் பறந்துகொண்டே இருக்கும். முதலில் தொட்டவருக்கே ஹோம் என்ற விதி பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தொடக்கத்தில் ஒரே நோடு எல்லா அணிகளையும் (அரேக்களையும்) பூஜ்ஜியமாக்கிவிட்டால் எல்லா ஹோமும் அங்கேயே குவிந்துவிடும். தொடக்க வேலையையும் நோடுகளுக்குள் பிரித்துக் கொடுங்கள்.

என்ட்ரி கன்சிஸ்டன்சி

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மிட்வே அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தத் தரவை எந்த லாக் காக்கிறது என்று புரோகிராமர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். லாக் கைமாறும்போது அந்தத் தரவு மட்டும் சரியாக இருந்தால் போதும். காகிதத்தில் பார்த்தால் நெட்வொர்க் செலவில் இதை மிஞ்ச ஆளில்லை. லாக்கோடு தரவும் ஒரே செய்தியில் வந்துவிடும். அப்புறம் ஃபால்ட்டும் கிடையாது.

இருந்தும் பொதுத் தேர்வாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஒரு இணைப்பை எழுத மறந்தால் பழைய மதிப்பு சத்தமில்லாமல் வந்து நிற்கும். ரேஸ் இல்லாத, எல்லா விதத்திலும் சரியான புரோகிராம்கூடத் தவறான விடை தரும். ரிலீஸ் கன்சிஸ்டன்சியில் லாக் போடுவது போதும். இங்கே லாக்கைப் பற்றிய கூடுதல் உண்மை ஒன்றையும் பிழையின்றிச் சொல்ல வேண்டும். அதைச் சரிபார்க்க ரேஸ் டிடெக்டர் உதவாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லாக், அந்தப் பொருளின் தரவு முழுக்க அதற்குள்ளேயே என்று வடிவமைத்த புரோகிராமில் மட்டும் இது நன்றாகப் பொருந்தும். லாக்குக்குள் எழுதியவற்றை வைத்து இந்த இணைப்பைத் தானாகவே ஊகிக்கும் ஸ்கோப் கன்சிஸ்டன்சி 1996-இல் வந்தது. இரண்டுக்கும் நடுவான வழி அது.

பிராம், புராசஸர், காஸல் (காரணம் முன், விளைவு பின் என்ற வரிசையைக் காப்பது) என்று வேறு கன்சிஸ்டன்சி மாடல்களும் இருக்கின்றன. எழுதுவதன் வரிசையை இவை வெவ்வேறு அளவில் தளர்த்துகின்றன. தூர தூரத் தரவு மையங்களில் பிரதிகள் வைக்கும் சேமிப்பகங்களுக்குக் காஸல் நல்ல தேர்வு. பேஜ் அளவிலான பகிர்நினைவகத்துக்கு இவற்றால் பெரிய லாபம் இல்லை. எழுதியதை லாக் வரும்வரை சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் சுதந்திரத்தை இவை தருவதில்லை.

எப்போது மனதை மாற்றிக்கொள்ளலாம்

ஹார்டுவேரே கோஹெரன்ஸை (பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருப்பதை) பார்த்துக்கொள்ளும் இடத்தில் என் பரிந்துரை மாறும். 2022-இல் வந்த சிஎக்ஸ்எல் 3.0 என்ற, புராசஸரையும் நினைவகத்தையும் இணைக்கும் விவரக்குறிப்பு பல கணினிகள் ஒரே நினைவகத்தை ஹார்டுவேர் கோஹெரன்ஸோடு பகிர வழி செய்கிறது. அங்கே அலகு 64 பைட் கேஷ் லைன் (புராசஸர் ஒரே தடவையில் எடுக்கும் நினைவகத் துண்டு). ஒரு பேஜில் 64 லைன் என்பதால் தேவையில்லாத மோதல்கள் வெகுவாகக் குறையும். அந்த இடத்தில் டிஃப், நகல் எல்லாம் வீண் சுமை. புராசஸர் தரும் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, லாக்குகளை வழக்கம்போல் எழுதினால் போதும்.

அதேபோல், தரவு பெரும்பாலும் படிக்கப்படுவது, எப்போதாவதுதான் எழுதப்படுவது என்றால் ஐவி வகை எளிய முறையே போதும். பிழை தேடுவதும் சுலபம்.

பகிர்நினைவகமே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. சீரான கட்டங்களாகப் பிரித்த அணி, ஒவ்வொரு சுற்றிலும் ஓர வரிசைகளை மட்டும் அண்டை நோடுக்கு அனுப்ப வேண்டும் என்றால், யாருக்கு எது எப்போது தேவை என்று முன்கூட்டியே தெரியும். எம்பிஐயில் (நோடுகளுக்கிடையே செய்தி அனுப்பும் தரநிலையில்) அதை நேராக எழுதுங்கள். அனுப்புபவர் தள்ளிவிட்டால் போதும். கேட்டு வாங்கும் சுற்றுப் பயணம் மிச்சம். பாயிண்டர்கள் நிறைந்த மரங்கள், கிராஃப்கள், ஓடும்போதுதான் எதைத் தொடுவோம் என்று தெரியும் வேலைகள் போன்றவற்றில்தான் பகிர்நினைவகம் தன் விலையைத் திருப்பித் தரும்.

மாடலைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. பரவலான வடிவமைப்பில், கைவசம் இல்லாத லாக் ஒன்றை எடுக்க மூன்று செய்திகள் வேண்டும்: மேனேஜருக்கு ஒன்று, அங்கிருந்து கடைசியாக வைத்திருந்தவருக்கு ஒன்று, அவரிடமிருந்து நமக்கு ஒன்று. ஒரு செய்திக்கு 5 மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 15. ஒருமுறை லாக் எடுத்ததற்கும் அடுத்த முறைக்கும் நடுவே 150 மைக்ரோநொடி வேலை இருந்தால், நேரத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் லாக்குக்குப் போகும், பொறுத்துக்கொள்ளலாம். நடுவே 5 மைக்ரோநொடி வேலைதான் என்றால் நாலில் மூன்று பங்கு நேரம் காத்திருப்பிலேயே போய்விடும்; உலகின் எந்தக் கன்சிஸ்டன்சி மாடலும் அதைக் காப்பாற்றாது. லாக்கின் எல்லையைப் பெரிதாக்குவது, வேலையைக் கட்டுக்கட்டாக எடுப்பது, நோடுக்கொரு வேலை வரிசை வைப்பது என்று புரோகிராமைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே முதலில் புரோகிராமை ஒரே கணினியில் த்ரெட்களாக ஓட்டுங்கள். த்ரெட்சானிடைசர் போன்ற ரேஸ் டிடெக்டரில் வரும் எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் தீருங்கள். அதன் பிறகு லாக்குகளுக்கு இடையே எவ்வளவு வேலை நடக்கிறது, ஒரு பேஜில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று அளந்து பாருங்கள். பெரும்பாலான பேஜ்களில் ஒருவர்தான் எழுதுகிறார் என்றால், அவரையே ஹோமாக்கிவிட்டால் வேலை பாதி முடிந்தது. பலர் எழுதும் பேஜ்கள் ஒன்றிரண்டுதான் என்றால், அவற்றிலுள்ள மாறிகளை நோடுவாரியாகப் பிரித்துத் தனித்தனி பேஜ்களில் வைத்துப் பாருங்கள். சில கிலோபைட் வீணாகும், அவ்வளவுதான். எல்லாப் பேஜிலும் எல்லாரும் எழுதுகிறார்கள் என்று அளவீடு சொன்னால், நெறிமுறையைத் தேடுவதை நிறுத்திவிட்டுத் தரவு அமைப்பை முதலிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.